பாட்டு எல்லோருக்கும், வாசல் யாருக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் அருமனை வட்டாரமே விளக்கொளியில் நிற்கும். இங்கே நடக்கும் கிறிஸ்துமஸ் விழா மாவட்டத்தைத் தாண்டியும் பெயர் பெற்றது. அது முடிந்தால் பங்குத் திருவிழாக்கள், அதன் பின்னே அம்மன் கோயில் கொடைகள். வில்லிசை, செண்டைமேளம், நையாண்டிமேளம், கானமேளா என்று ஏதாவது ஒரு மைதானத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவரும், கல்லூரிக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் பிள்ளையும் ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்கும் இடம் அது.

பாட்டைப் பற்றி எழுத ஆள் உண்டு. மேடைக்கு எதிரே நடப்பதைப் பற்றி இன்று நாம் எழுதுகிறோம். யாருக்கு நாற்காலி கிடைக்கிறது, யார் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார், சக்கர நாற்காலியில் வந்தவர் எந்த வழியாக உள்ளே போவார், கழிப்பறை எங்கே என்று கேட்ட பெண்ணுக்கு யார் பதில் சொல்வார்? இவை சிறிய விஷயங்கள் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுபடுத்தினால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 12 அன்று நடக்கவேண்டியது, மழையால் தள்ளிப்போனது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். உள்ளே போனவர்களில் பலருக்கு இருக்கை இல்லை. நெரிசலில் குடும்பங்கள் பிரிந்தன. பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் சீண்டலை வெளியே வந்து சொன்னார்கள். கையில் டிக்கெட் இருந்தும், சாலையில் சிக்கி வீடு திரும்பியவர்கள் ஏராளம். பிறகு ரஹ்மானே டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார்கள். காவல் துறை விசாரணை நடந்தது.

இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் 25 அன்று, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் மாணவர்கள் ஓர் இசை நிகழ்ச்சிக்குக் காத்திருந்தார்கள். மழை பெய்தது. வெளியே நின்ற கூட்டம் ஒதுங்க உள்ளே பாய்ந்தது. வாசலை அடுத்துக் கீழே இறங்கும் படிகள். விழுந்தவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். நம் எல்லையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் அது. இறந்தவர்களில் மூவர் அங்கேயே படித்த பிள்ளைகள்.

சென்னையில் நடந்தது செய்தியானது. அதற்குக் காரணம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் இருந்தது. பணம் கொடுத்தோம், ஏன் தடுத்தாய் என்று கேட்க அவர்களால் முடிந்தது. அவர்கள் கேட்டது சரி. உரிமை கையில் இருக்கிறது, ஆனால் வாசலில் நிற்பவன் விடமாட்டேன் என்கிறான். அந்த ஒரு மாலை அவர்களை எவ்வளவு கொதிக்க வைத்தது என்று நாடே பார்த்தது. இந்தப் பத்தியைப் படிக்கும் குடும்பங்களில் பலருக்கு அந்தக் கொதிப்பு புதிதல்ல. அவர்களின் பாட்டன்மார் பொதுச்சாலையிலும் கோயில் தெருவிலும் அதே வாசலைப் பார்த்தவர்கள்.

இந்த மண்ணின் வரலாறே வழி கேட்ட வரலாறுதான். 1893-இல் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். அவருடைய வெங்ஙானூர் இங்கிருந்து தூரமில்லை. 1926-இல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அப்போது இந்த மாவட்டம் திருவிதாங்கூரில்தான் இருந்தது. இவற்றில் எதுவும் யாரும் தானாக வந்து கொடுத்தது அல்ல. கேட்டு, அடிபட்டு, மீண்டும் கேட்டுப் பெற்றவை.

இசையிலும் அந்தக் கேள்வி எழுந்தது. 2015 முதல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே விழாவில் இடம்பெற்றன. 2018 ஜனவரி 6 அன்று ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சென்னையில் முதல் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. மேடையில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கத் தொடங்கிவிட்டது. மேடைக்கு எதிரே உள்ள இடத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஊர்த் திருவிழா மைதானத்தை எண்ணிப் பாருங்கள். முன்வரிசை நாற்காலிகள் ‘முக்கியஸ்தர்’களுக்கு. அடுத்த வரிசைகள் நன்கொடை கொடுத்தவர்களுக்கு. அதற்குப் பின்னே தரை. யாரும் யாரையும் சாதி சொல்லி விரட்டவில்லை என்பார்கள். ஆனால் நன்கொடைப் பட்டியலில் யார் பெயர் இருக்கும், விழாக் குழுவில் யார் இருப்பார், முக்கியஸ்தர் யார் என்பதை எது தீர்மானிக்கிறது? நிலமும் பணமும் தலைமுறைப் பழக்கமும் தீர்மானிக்கின்றன. குடியிருப்பிலிருந்து வரும் குடும்பம் எங்கே நிற்கும் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மோசமான ஏற்பாடு எல்லாமே சாதிக் குற்றம் அல்ல. நாற்காலி போதவில்லை என்பது வேறு. சாதியைக் காரணமாக வைத்து உட்காரவிடாமல் தடுப்பது வேறு. முதலாவது பொறுப்பின்மை. இரண்டாவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரண்டையும் குழப்பினால் நம் புகார்தான் பலவீனப்படும். ஆனால் பொறுப்பின்மையின் சுமையும் முதலில் விழுவது கடைசியில் நிற்பவர் மேல்தான். நெரிசல் வந்தால் காரில் வந்தவர் காரில் போய்விடுவார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் குழந்தையைத் தோளில் போட்டு நடப்பார்.

மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்களில் 2.21 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் அது 2.45 சதவீதம். கடும் உடலுழைப்பு, சத்தில்லாத உணவு, தாமதமாகக் கிடைக்கும் வைத்தியம் ஆகியவை அந்த இடைவெளிக்குப் பின்னே நிற்கின்றன. ஆகவே சரிவுப்பாதை கேட்பதும் தலித் கோரிக்கைதான். சாதியால் ஒரு முறையும், படியால் மறுமுறையும் தடுக்கப்படுகிறவர் நம் தெருவில் இருக்கிறார். விழா இரவில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கிறார். ‘அவருக்கு எதுக்கு இந்தக் கூட்டத்தில அலைச்சல்’ என்று நாமே சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களிலும் சாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரால் அப்படித் தடுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தண்டனைக்குரியது ஆக்கியது. பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டு நிகழ்ச்சி நடத்தப்படும் எந்த இடமும் கேளிக்கை இடமே என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. ஆகவே டிக்கெட் இல்லாத திருவிழா மைதானமும் அதில் அடங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரி 26 முதல் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1) பிரிவின்படி, பட்டியல் சாதியினரைக் கேளிக்கை இடத்திலோ வேறு பொது இடத்திலோ நுழையவிடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வழக்குப் பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. 14566 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, அதற்கு 15100.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை அதன் 29ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஆனால் எப்படிக் கட்டவேண்டும், எப்படி ஏற்பாடு செய்யவேண்டும் என்ற விதிகள் வெறும் பரிந்துரைகளாகவே கிடந்தன. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் இதைக் கண்டித்து, கட்டாயமான தரங்களை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அணுகல் என்பது கருணை அல்ல, உரிமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினால் கூடுதலாக ஒரு கதவு திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கேளிக்கையும் ஒரு சேவை. டிக்கெட், பணம் செலுத்திய குறுஞ்செய்தி, கைப்பேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நிகழ்ச்சி சென்னையில் நடந்திருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

சட்டத்தைத் தேடிப் போகுமுன் செய்யக்கூடியவை பல உண்டு. பேரூராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் விழாக் குழுக்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

இருக்கை எத்தனையோ அத்தனை டிக்கெட்டே விற்கவேண்டும். இலவச நிகழ்ச்சி என்றால் மைதானம் எத்தனை பேரைத் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். உள்ளே வர ஒரு வழி இருந்தால், வெளியே போக வேறு இரண்டு வழி வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் பலகைச் சரிவு அமைக்கலாம். பந்தல் போடுகிற நம் ஊர் ஆட்களுக்கு அது அரைநாள் வேலை. மேடை நன்றாகத் தெரியும் இடத்தில் சக்கர நாற்காலிக்கும் உடன் வருபவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மூலையில் ஒதுக்கினால் அது ஒதுக்கீடு அல்ல, ஒதுக்கிவைப்பு. பெண்களுக்கு விளக்கும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். புகார் என்றால் யாரிடம் போவது என்று ஒருவரின் பெயரும் எண்ணும் வாசலில் எழுதியிருக்க வேண்டும். விழாக் குழுவிலும் தொண்டர் அணியிலும் எல்லாக் குடியிருப்பின் ஆட்களும் இருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு எங்கே கட்டப்படும் என்ற முடிவு ஒரு தெருவின் முடிவாக இருக்காது.

கலைஞர்களையும் மறக்கக் கூடாது. மேளம் அடிப்பவர், பறை அடிப்பவர், ஒலிபெருக்கி கட்டுபவர், விடிந்தபின் குப்பை அள்ளுபவர் என்று விழாவைத் தோளில் சுமப்பவர்கள் பலர் நம் மக்கள். உடை மாற்ற ஓர் அறை, மற்றவர்களோடு ஒரே பந்தியில் சாப்பாடு, பேசிய கூலி அன்றிரவே கையில். இவை விருந்தோம்பல் அல்ல, கடமை. குப்பை அள்ளுபவருக்குக் கையுறையும் தண்ணீரும் கொடுக்காத விழா, எத்தனை பெரிய பாடகரைக் கொண்டுவந்தாலும் சிறிய விழாதான்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். ஆகும். வாணவேடிக்கைக்கும் அலங்கார வளைவுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு ஆகும். ஒரு வளைவு குறைந்தால் விழா குறையாது. ஒரு வழி குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொச்சி காட்டிவிட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வரும் விழாவுக்கு முன் உங்கள் ஊர் மைதானத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். வாசல் எத்தனை, படி எத்தனை, கழிப்பறை எத்தனை, விளக்கில்லாத இடம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு விழாக் குழுவிடம் ஒரு நகல், பேரூராட்சியில் ஒரு நகல் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். சண்டை வேண்டாம், அந்த முத்திரை போதும். விழாவுக்குப் பின் ஏதாவது நடந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

அய்யன்காளி கேட்டது வண்டி ஓட்ட ஒரு சாலை. சுசீந்திரத்தில் கேட்டது நடக்க ஒரு தெரு. இன்று நாம் கேட்பது உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓர் இடம், போய்வர ஒரு வழி. கேட்பது சிறியதாகத் தோன்றலாம். கேட்கும் உரிமை அன்றும் இன்றும் ஒன்றுதான்.