சதுரமும் சிறுவனும்

ரூபன் ஓஸ்ட்லுண்டின் ‘தி ஸ்கொயர்’ (2017) படத்தைப் பார்த்தவர்கள் பலரும் சரளைக்கல் காட்சியைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் ஒன்றில் கலைப்படைப்பாகக் குவித்து வைத்த சரளையில் கொஞ்சத்தைத் துப்புரவு எந்திரம் உறிஞ்சிவிடுகிறது. பழைய புகைப்படத்தைப் பார்த்து நாமே திரும்பக் கொட்டிவிடலாம் என்கிறான் தலைமைக் காப்பாளன் கிறிஸ்டியன். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்தச் சிரிப்போடு, சமகாலக் கலை என்றாலே ஏமாற்று என்று தீர்ப்பெழுதிவிட்டு எழுந்துபோகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

படத்தின் மையத்தில் இருக்கும் சதுரம் கேலிக்காகக் கற்பனை செய்த பொருளன்று. ஓஸ்ட்லுண்டும் தயாரிப்பாளர் காலே பூமனும் படத்துக்கு முன்பே ஸ்வீடனின் வெர்னமோ நகரிலுள்ள வாண்டலோரம் அருங்காட்சியகத்தில் அதை உண்மையாகவே அமைத்தவர்கள். அந்தச் சதுரத்தின் கோடுகளுக்குள் எல்லோரும் சமம். உள்ளே நின்று ஒருவர் உதவி கேட்டால், கடந்து போகிறவர் உதவியே ஆக வேண்டும். இந்த எண்ணத்தை நம்பிய மனிதர்தான் அங்கதப் படம் எடுத்தார். அதனால் அவருடைய கோபம் கலையின் மேல் இல்லை. அந்தச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்துவிட்டு, அதற்கு விளம்பரம் தேட ஒரு பிச்சைக்காரச் சிறுமி அதற்குள் வெடித்துச் சிதறுவதுபோலக் காணொளி வெளியிடுகிறதே படத்தில் ஒரு நிறுவனம், அதன் மேல்.

விருந்துக் காட்சியிலும் கோபம் கலையின் மேல் இல்லை. குரங்காக நடிக்கும் நிகழ்த்துகலைஞன் ஒலெக்காக டெர்ரி நோட்டரி வருகிறார். 1996இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியொன்றில் நாயாக நடித்து, பார்க்க வந்தவரைக் கடித்த ரஷ்யக் கலைஞர் ஒலெக் குலிக்கின் நினைவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. படத்தின் ஒலெக் மேசைமேல் ஏறுகிறான், ஒரு பெண்ணைக் கூந்தலைப் பிடித்து இழுக்கிறான். கனவான்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வீரம் வருகிறது. வந்ததும் அடித்துத் துவைக்கிறார்கள். இந்தக் காட்சி மாலையுடை அணிந்து வந்த கான் விழாப் பார்வையாளர்கள் முன் ஓடியது. அந்த ஆண்டின் தங்கப்பனை விருதும் இந்தப் படத்துக்குத்தான்.

எங்களை உலுக்கியது இவை எதுவும் அல்ல, அந்தச் சிறுவன். திருடுபோன தன் கைப்பேசி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதாகத் தெரிந்ததும் கிறிஸ்டியன் அங்குள்ள எல்லா வீடுகளுக்கும் மிரட்டல் கடிதம் போடுகிறான். பொருள் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அக்கடிதத்தால் பெற்றோரிடம் திருடன் என்று பெயர் வாங்கிய பையன் ஒருவன் வந்து நின்று, மன்னிப்புக் கேள் என்கிறான். அவன் கேட்பது அவ்வளவுதான். கிறிஸ்டியன் அவனை விரட்டுகிறான். தள்ளுமுள்ளில் பையன் படிக்கட்டில் விழுகிறான். பிறகு மனம் கேட்காமல் மன்னிப்பைக் காணொளியாகப் பதிவுசெய்யும்போதும், இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் பேச்சு சமூக அமைப்பு, அரசியல் என்று நழுவிவிடுகிறது. கண்காட்சி அறிக்கைகளில் கருணையை எழுதிப் பழகிய நாக்குக்கு, தான் செய்த தவறை ஒரு குழந்தையிடம் சொல்லத் தெரியவில்லை. அருங்காட்சியகங்களைப் பற்றி இதைவிடக் கடுமையாக எந்த விமர்சகரும் எழுதி நாங்கள் படித்ததில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டரை மணிநேரப் படம், தொடக்கம் முதல் முடிவுவரை கிறிஸ்டியனின் பக்கத்திலேயே நிற்கிறது. பையனின் வீட்டில் என்ன நடந்தது, அவன் என்ன ஆனான் என்று நமக்குத் தெரியாது. தெருவோரம் கையேந்துபவர்களும் காப்பாளனின் குற்றவுணர்வைத் தூண்டிவிட்டு மறைந்துபோகிறார்கள். ஏழைகளைப் பார்க்கத் தெரியாத மேட்டிமையைச் சாடும் படத்திலும் அவர்களுக்குக் கிடைத்த இடம் இவ்வளவுதான். இதே கதையை அந்தப் பையனின் வீட்டு வாசலிலிருந்து யாரேனும் எடுக்க வேண்டும்.