புறா சுமந்த செய்தியும் பொறியியலாளர் நகையும்

நகைச்சுவை கல்வியின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று எண்ணும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். வகுப்பிற் சிரித்தவனை வெளியே நிறுத்திய ஆசிரியர்களிடம் பயின்ற நாம் அவ்வெண்ணத்தை எளிதில் விடுவதும் இல்லை. ஆயினும், இணையத்தை அமைத்த பொறியியலாளரின் வழக்கமொன்றை அறிந்தபின் என் கருத்து மாறிற்று.

இணையத்தின் அடிப்படை விதிகள், கருத்துரை வேண்டும் ஏடுகள் என்ற பெயரில், 1969 ஆம் ஆண்டு முதல் இலக்கமிட்டு வெளியிடப்பட்டு வருகின்றன. அவற்றைப் போல் வறண்ட நடையை வேறெங்குங் காண்டல் அரிது. அவ்வரிசையிலேதான், ஏப்பிரில் முதலாந் திகதி, முட்டாள் தினத்தன்று, விளையாட்டு ஏடுகளும் வெளிவருகின்றன. 1990 ஆம் ஆண்டில் அவ்வாறு வெளிவந்த 1149 ஆம் இலக்க ஏட்டை எழுதியவர் டேவிட் வைட்ஸ்மன் என்பார். கணினிச் செய்தியைச் சிறு தாட்சுருளில் அச்சிட்டு, பறவையின் காலிற் சுற்றி அனுப்புவதற்கு அது விதி வகுக்கின்றது. தாமதம் மிகுதி, கொள்ளளவு குறைவு, பறக்கும் உயரமுங் குறைவு என்று பண்புகளைக் கூறி, புயலினாற் செய்தி இழக்கப்படலாம் என்றும் எச்சரிக்கின்றது. வலையமைப்பிற் செய்திகள் கட்டின்றிப் பெருகி வழியை அடைத்துக்கொள்வதையும் அத்துறையினர் புயல் என்றே வழங்குவர். அதனை அறிந்தவன் இருமுறை சிரிப்பான்.

அது வெறுங் கேலியன்று. விதியின் வடிவத்தை அணுவளவும் பிசகாமற் கைக்கொண்டமையால், பிறர் அதனைச் செய்துபார்க்கவும் முடிந்தது. 2001 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் பேர்கன் நகரக் கணினி ஆர்வலர் உண்மையாகவே புறாக்களைப் பறக்கவிட்டனர். ஒன்பது செய்திகள் சென்றன. நான்குக்கே மறுமொழி வந்தது. மிக விரைந்ததற்கும் ஐம்பது நிமிடத்துக்கு மேலாயிற்று. 2009 இல் தென்னாபிரிக்காவிலோ நிலை மாறிற்று. விண்ஸ்டன் என்ற புறா நான்கு கிகாபைற் தரவை ஹோவிக்கிலிருந்து டேர்பனுக்குச் சுமந்து சென்றது. தரவைக் கணினியில் ஏற்றிய நேரமுஞ் சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அதன் பணி முடிந்தபொழுது, இணைய இணைப்பு நூற்றுக்கு நான்கு பங்கையே கடத்தியிருந்தது! தாமதம் வேறு, கொள்ளளவு வேறு என்பதனை எனக்கு விளங்கவைத்தது பாடநூலன்று, இப்புறாவே. தரவு மையங்களுக்குப் பெருந்தொகையான தரவை இடம்பெயர்க்க, நூறு பெற்றாபைற் கொள்ளும் 45 அடிக் கொள்கலனை லொறியில் ஏற்றி அனுப்பும் சேவையை அமேசன் நிறுவனம் 2016 இல் அறிவித்தது. 2024 இல் அதனைக் கைவிட்டது. அந்த லொறி அப்புறாவின் உறவினன் என்றே நான் கொள்கின்றேன்.

விளையாட்டுக்கு விலையில்லை என்று நான் வாதாடவில்லை. 1998 இல் லாரி மசின்ரர் கோப்பிக் கலத்தை வலையமைப்பின் வழியே ஆள்வதற்கு விதி எழுதி, கோப்பி கேட்டவனுக்கு, நான் தேநீர்ச் சாடி என்று விடையிறுக்க 418 என்ற இலக்கத்தைக் கொடுத்தார். இணைய விதிகளைப் பொருந்தாத வகையில் நீட்டித்தவர்களை நையாண்டி செய்வதே அவர் கருத்து. ஆயின் நையாண்டி மறைய, இலக்கம் நின்றது. நிரல் எழுதுவோர் அதனை மெய்யான மென்பொருள்களிலும் புகுத்தினர். கேட்பவரின் பிழையைச் சுட்டும் இலக்கங்கள் 400 முதல் 499 வரை நூறே உள்ளன. அவற்றுள் ஒன்று நகைப்புக்குப் போகலாமா என்று 2017 இல் எதிர்ப்பெழுந்தது. நீக்கவேண்டும் என்றவர் கூற்றிலும் நியாயமுண்டு. பொதுச்சொத்தை ஒருவர் சிரிப்புக்குச் செலவிடுதல் சிறு செயலன்று. எனினும், காக்கவேண்டும் என்று குரலெழுப்பிய இளைஞர் பக்கமே என் மனஞ் சாய்ந்தது. தம் சொந்த விதிகளையே எள்ளி, அவ்வேட்டிற் பெயரையும் ஒப்பமிடும் மூத்தோர் எத்துறையிலும் சிலரே. மாணவர் மன்ற விதிகளை ஆண்டுக்கொருநாள் நாமும் அவ்வாறு எழுதிப்பார்த்திருந்தால், அவற்றுட் பாதி அன்றே உதிர்ந்திருக்கும்!

2022 இல் வெளிவந்த திருத்திய விதியேடு வழக்கை முடித்துவைத்தது. இவ்விலக்கம் வேடிக்கையாக மிகப் பரவிவிட்டமையால் வேறெதற்கும் உதவாது என்று கூறி, அதனை ஒதுக்கிவைத்து, 418, பயன்படுத்தப்படாதது என்று அதற்குத் தலைப்பிட்டனர்.