புல் அழிந்தால் புனல் ஏது?

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் பெருமை அத்தகையது! ஆனால், வானம் தந்த நீரை வாங்கி வைத்துக் கோடையிலும் நமக்குச் சிறுகச் சிறுக அளந்து தருவது எது? மலையன்றோ! அந்த மலை இன்று வெம்மையால் மாறி வருகிறது. கொங்கு நாட்டு மாணவராகிய நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்து அட்டப்பாடியைத் தொட்டு மீண்டும் தமிழகம் வருகிறது. பில்லூரில் தேங்கிக் கோவையின் தாகம் தீர்க்கிறது. மாயாற்றையும் சேர்த்துக்கொண்டு பவானிசாகரில் நிரம்பி, ஈரோட்டு வயல்களை வாழ்விக்கிறது. இந்த ஆற்றின் தொட்டில் எது? நீலகிரியின் உச்சியில் உள்ள புல்வெளிகளும் அவற்றின் மடியில் கிடக்கும் சோலைக்காடுகளுமே! பெய்த மழையைப் புல்லின் வேர் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது. அது ஊற்றாய்க் கசிந்து ஓடையாகிறது. வரையாடு மேய்வதும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும், தோடர்தம் எருமைகள் வளர்ந்ததும் இப்புல்வெளியில்தான்.

புல்வெளியில் ஏன் மரம் இல்லை? உறைபனி ஒரு முக்கியக் காரணம். பனிக்காலத்து இரவுகளில் திறந்த வெளியில் முளைத்த மரக்கன்று கருகி விடுகிறது. புல்லோ அடிவேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ஆகவே உறைபனிதான் புல்வெளியின் காவல்காரன். உலகம் வெப்பமடைய அடைய அந்தக் காவல் தளரும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வரப்பட்ட சீகை மரம் ஏற்கெனவே புல்வெளிக்குள் தானே பரவி வருகிறது. காவல் தளர்ந்தால் அது இன்னும் விரையும். வெம்மைக்கு அஞ்சிக் குளிரைத் தேடும் உயிர்கள் மேலே ஏறலாம். ஆனால் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் ஏற மலை ஏது?

"மரம் பெருகினால் நல்லதுதானே, மரம்தானே மழையைத் தரும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரக்கன்று நட்டு மகிழ்ந்த நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். உதகை மண்வள ஆய்வு நிலையத்தார் கிளன்மார்கனில் அளந்து கண்ட உண்மை வேறு. புல்வெளியாக இருந்த ஒரு நீர்ப்பிடிப்பில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். 1972 முதல் 1981 வரை அளந்ததில், அங்கிருந்து வடியும் நீர் 16 விழுக்காடு குறைந்திருந்தது! வெட்டிய மரம் மீண்டும் தழைத்தபோது குறைவு இன்னும் கூடியது. ஆழ வேர்விட்ட மரம், நமக்கு வர வேண்டிய நீரைத் தானே குடித்துவிட்டது.

வெப்பம் மிகுந்த உலகில் மழையும் முறை தவறும். பெய்தால் ஒரேயடியாய்க் கொட்டும் என்கின்றனர் அறிவியலார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய மழையைத் தாங்கி, மண்ணைப் பிடித்து, நீரைக் கோடைக்குச் சேமிக்க நிலைத்த புல்லும் பழைய சோலையும் வேண்டும்.

ஆகவே என் கருத்து இது: வெப்பத்தைத் தணிக்கிறோம் என்று சொல்லி, உயர்மலைப் புல்வெளியில் எவரும் மரம் நடக் கூடாது. சமவெளியில் நடுவோம்; சாலையோரத்தில் நடுவோம்; அழிந்த சோலையில் சோலை மரங்களையே நடுவோம். அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்தது. அது ஏட்டோடு நின்றுவிடாமல், சீகையை வேரோடு களைந்து புல்லை மீட்கும் பணியாக விரைவுற வேண்டும். வெட்டியதோடு விட்டால் சீகை மீண்டும் தளிர்க்கும். ஆண்டுக்கணக்கில் காவல் வேண்டும். நம் நலப்பணி முகாம்களில் ஒன்றையேனும் இதற்கென ஒதுக்கினால் என்ன?

மலை வெப்பமடைவதை நாம் மட்டும் நிறுத்திவிட முடியாது. அது உலகோர் அனைவரின் பொறுப்பு. ஆனால் வெம்மையைத் தாங்கும் வலிமையை மலைக்குத் தருவது நம் கையில் இருக்கிறது. புல் என்று இகழாதீர்கள், நண்பர்களே! நம் வீட்டுக் குழாயில் விழும் ஒவ்வொரு துளிக்கும் அந்தப் புல்லே தாய்!