ஒரு குடும்பம் எழுதிய பருவக் குறிப்பு

ஏப்ரல் 21, ஆல்டோ லியோபோல்டு மறைந்த நாள். வனவியல் படித்தவர்களுக்கு இது பாடப்புத்தகப் பெயர். மனிதனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை அறத்தோடு சேர்த்துப் பேசியவர் என்று அவரைக் கொண்டாடுவார்கள். அது சரிதான். ஆனால் விவசாயக் குடும்பங்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. மனைவி, மக்களோடு ஒரு கெட்டுப்போன நிலத்தில் அவர் செய்த வேலையும், அங்கே எழுதி வைத்த குறிப்புகளும்தான் அது.

1887-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையோடு வேட்டைக்குப் போய்ப் பழகியவர். 1909-ல் வனத்துறையில் சேர்ந்து அரிசோனா, நியூ மெக்சிகோ மலைகளில் சுற்றினார். 1912-ல் எஸ்டெல்லாவை மணந்தார், ஐந்து பிள்ளைகள். வில்லும் அம்பும் வீட்டிலேயே செய்துகொள்வார். குறி பார்ப்பதில் கெட்டிக்காரர் என்னவோ மனைவிதான். மாநில அளவில் வில்வித்தைப் பட்டம் வென்றவர் அந்த அம்மா. 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அவருடைய பதவி வேளாண் பொருளாதாரத் துறைக்குள் இருந்தது என்பது நம் துறைக்காரர்களே பலரும் கவனிக்காத செய்தி.

1935-ல் விஸ்கான்சின் ஆற்றோரம் ஒரு பண்ணையை வாங்கினார். மக்காச்சோளம் போட்டுப் போட்டுச் சத்தெல்லாம் போன மணல் பூமி. முன்பிருந்தவர் கைவிட்டுப் போய்விட்டார். நின்றிருந்தது ஒரு கோழிக்கொட்டகை மட்டும்; உள்ளே பழைய எரு. அதை அள்ளிக் கொட்டிவிட்டு, பலகை அடித்து, கணப்பு கட்டிக் குடிலாக்கினார்கள். வார இறுதியில் குடும்பம் மொத்தமும் அங்கேதான்.

ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகள் நட்டார்கள். தொடக்கத்தில் நட்டவற்றில் பெரும்பாலானவை 1936 வறட்சியில் கருகின. அடுத்த ஆண்டும் மண்வெட்டியை எடுத்தார்கள். கன்று நட்டுக் காயவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். மறுபடி குழி தோண்டுவது எவ்வளவு கசப்பான வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பெரிதாக நினைப்பது அந்த மரங்களைக்கூட அல்ல. லியோபோல்டு விடியும் முன்பே எழுந்து, காபியோடு வெளியே உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதலில் குரல் கொடுக்கிறது, அப்போது எவ்வளவு வெளிச்சம் என்று குறித்துக்கொள்வார். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, வாத்துக் கூட்டம் எப்போது திரும்பியது, ஆற்றில் பனிக்கட்டி எப்போது உடைந்தது, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. 1935 முதல் 1945 வரையிலான இந்தப் பருவக் குறிப்புகளை 1947-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு, 1948-ல், பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடித்தது. அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 61. அவருடைய புகழ்பெற்ற 'சாண்ட் கவுண்டி ஆல்மனாக்' நூல் 1949-ல்தான் அச்சில் வந்தது. அதை ஒழுங்குபடுத்தி வெளிக்கொண்டு வந்தவர் மகன் லூனா.

பிள்ளைகள் ஐவரும் இயற்கையைப் படிப்பதையே வாழ்க்கையாக்கிக் கொண்டார்கள். ஸ்டார்க்கர் வனவிலங்கு, லூனா ஆறுகள், கார்ல் பயிர்வினையியல், இளைய எஸ்டெல்லா தொல்மகரந்தம். பயிர் ஹார்மோன்கள் பற்றிக் கார்ல் எழுதிய நூல்கள் எங்கள் துறையில் மதிப்புப் பெற்றவை. மகள் நீனா 1970-களில் அந்தப் பண்ணைக்கே திரும்பி வந்து, அப்பா விட்ட இடத்திலிருந்து தேதிகளைக் குறிக்கத் தொடங்கினார்.

1999-ல் நீனாவும் கார்லும் மற்றவர்களோடு சேர்ந்து இரண்டு தலைமுறைக் குறிப்புகளையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். பூப்பது, பறவை வருவது என 55 நிகழ்வுகள். சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் முந்தியிருந்தது. கேட்கச் சின்னதாகத் தெரியும்; அறுபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏழு நாள். ஆனால் எல்லாமே முந்திவிடவில்லை. பகல் நீளத்தைப் பார்த்துப் பருவம் மாறும் உயிர்கள் வெப்பத்துக்கு அசையாமல் இருக்கும். நம் பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள், எப்போது விதைத்தாலும் பகல் குறையும்போதே பூக்கின்றன அல்லவா, அதே கதைதான்.

இங்கே விவசாயிகள் கூட்டங்களில் "முன்பெல்லாம் மா இந்நேரம் பூத்திருக்கும்" என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. எத்தனை நாள் தள்ளிப் போயிற்று என்று கேட்டால் பதில் வருவதில்லை. தள்ளியது ஒரு வாரமா, ஒரு மாதமா என்பது தெரியாமல் மருந்தடிப்பையோ தண்ணீர் நிறுத்துவதையோ எப்படி மாற்றி அமைப்பது? உங்கள் தோட்டத்துத் தேதியை எந்த ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்காகக் குறித்து வைக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாற்று விட்ட நாள், கதிர் வந்த நாள், மாவில் முதல் பூங்கொத்து, விளக்குப் பொறியில் முதல் குருத்துப்பூச்சி அந்து, மழை பெய்த நாளும் அளவும். முதல் இரண்டு வருடம் ஒன்றும் புலப்படாது, எழுதிக்கொண்டே இருங்கள்.

வேம்பு பூக்கும் காலம் இது. உங்கள் வாசல் மரத்தில் பூ வந்துவிட்டதா என்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தேதியையும் அவர்களே எழுதட்டும்.