யார் ஒப்புதல் தந்தது?

2021 மார்ச் 31 இரவு சிறுசேமிப்பு வட்டியைக் குறைத்து மத்திய அரசின் உத்தரவு. ஏப்ரல் 1 காலை, அலுவலகங்கள் திறக்கும் முன்பே, அது வாபஸ் என்று ட்விட்டரில் அறிவிப்பு. குறைப்பு நீங்கியது நல்லதே. நீக்கிய விதத்தைத்தான் ஏற்க முடியாது.

உத்தரவிடும் அதிகாரத்தில் அதை ரத்து செய்யும் அதிகாரமும் அடங்கும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. பிறப்பித்த அதே முறையில், அதே ஒப்புதலோடுதான் ரத்து செய்ய வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. முன்பாதியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்குப் பின்பாதி மட்டும் மறந்துவிடுகிறது.

கவனக்குறைவால் வெளியான உத்தரவாம். பிபிஎஃப் வட்டி 7.1-லிருந்து 6.4 சதவீதம், சேமிப்புக் கணக்குக்கு 4-லிருந்து 3.5, ஓராண்டு வைப்புக்கு 5.5-லிருந்து 4.4. கிசான் விகாஸ் பத்திரம் முதிர்வதற்கு 124 மாதங்களுக்குப் பதில் 138 மாதங்கள் என்றுகூடக் கணக்கிட்டிருந்தார்கள். இப்படியோர் அட்டவணை கைதவறி வெளியாகுமா?

பணி ஓய்வில் கிடைத்த 15 லட்சம் ரூபாயை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அந்த ஏப்ரலில் போடவிருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அப்போதைய 7.4 சதவீதத்தில் காலாண்டுக்கு 27,750 ரூபாய் வரும். உத்தரவு நிலைத்திருந்தால் 6.5 சதவீதத்தில் 24,375 ரூபாய்தான். ஐந்தாண்டுகளுக்கு ஒவ்வொரு காலாண்டும் 3,375 ரூபாய் இழப்பு. பலருக்கு அதுதான் மருந்துச் செலவு. அந்தப் பணத்தைப் பறிக்க ஒரு கையெழுத்து. திருப்பித் தர ஒற்றை வரி. இரண்டுக்கும் ஏற்கத்தக்க காரணம் சொல்லப்படவில்லை.

மத்திய அரசுக்கு இது புதிதல்ல. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை எடுக்கக் கட்டுப்பாடு விதித்து, 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த பிறகே அதைக் கைவிட்டார்கள். அந்த நிதிக்கான வட்டியை 8.7 சதவீதமாக்கி, எதிர்ப்பு வலுத்ததும் 8.8 ஆக்கியதும் அதே மாதம்தான். பணமதிப்பு நீக்கத்தின்போது, 5,000 ரூபாய்க்கு மேல் பழைய நோட்டுகளைச் செலுத்துவோரிடம் விளக்கம் கேட்கச் சொன்ன உத்தரவு இரண்டே நாளில் மறைந்தது. ஒவ்வொரு முறையும் அலைக்கழிந்தவர்கள் சாமானியர்கள், பொறுப்பேற்றவர் எவருமில்லை.

மேற்கு வங்கத்திலும் அசாமிலும் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு நடந்த நாளில் இந்த வாபஸ் வந்தது. தமிழகம் 6-ஆம் தேதி வாக்களிக்கவிருந்தது. தேர்தல் முடிந்ததும் குறைப்பு திரும்பி வரும் என்று மக்கள் அஞ்சியிருந்தால் அது அவர்கள் குற்றமல்ல.

யார் ஒப்புதல் தந்தது, எதற்காகத் தந்தது என்பதை அரசு நாட்டுக்குச் சொல்லியாக வேண்டும். வட்டி நிர்ணயத்தில் இனியாவது ஓர் ஒழுங்கு வரட்டும். முதியோரின் சேமிப்பை வைத்து வெள்ளோட்டம் பார்க்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.