சட்டை வளரச் சரிவரும், மட்டை வராது

மூன்று மட்டைகள் வந்தன. மூன்றும் இங்கிலிஷ் வில்லோ, மூன்றும் பெரிய ஆளுக்குரிய முழு அளவு. ஒன்றின் முகத்தில் ஒரு இந்திய நட்சத்திரத்தின் கையெழுத்து, ஸ்டிக்கராக. அவற்றைப் பிடித்து விளையாட வேண்டிய பதினைந்து பிள்ளைகளில் ஆக உயர்ந்தவனின் உயரம் ஐந்தடி.

இந்தக் கதையில் முதல் பிழை எங்கடது, அதை முதலே சொல்லிவிடுகிறோம். போன வருடம் எங்கள் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து, கம்பஸ் முடிந்த பின்னேரங்களில், ஒரு கிராமத்துப் பாடசாலையின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட அணிக்கு உதவப் போனோம். பயிற்றுநர் எண்டு சொல்லிக்கொள்ள எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை. பந்து போட்டோம், பற்றைக்குள் போன பந்தைத் தேடினோம், பாய் சுருட்டினோம். பதினைந்து பேருக்கும் இருந்தது இரண்டு மட்டை. ஒன்றின் கைபிடி ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு நூல் சுற்றி ஒட்டியிருந்தார்கள். முகநூலில் ஒரு வேண்டுகோள் போட்டோம்: "பிள்ளையளுக்கு நல்ல பெட் வேணும்." இவ்வளவுதான் எழுதினோம். யாருக்கு, என்ன உயரம், எத்தனை வயது, ஒன்றும் எழுதவில்லை. நல்லது எண்டால் விலை கூடினது எண்டுதான் வாசிக்கிறவர் விளங்கிக்கொள்வார் எண்டு எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்பினார். அவரின் மனது பெரியது, அதில் எங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. மட்டைகள் வந்தன, சின்னதாக ஒரு விழா நடந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் ஒரு பெடியன் மட்டையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். கைபிடி அவனின் நெஞ்சுக்குக் கிட்ட வருகிறது. அந்தப் படத்துக்கு நாங்களும் லைக் போட்டோம்.

அந்தப் பெடியன்தான் அணியில் நன்றாக ஆடுகிறவன். நூல் சுற்றிய பழைய மட்டை யாரோ ஒரு அண்ணா விட்டுப்போன சின்ன மட்டை. அதோடு அவன் நேராக அடிக்கிற அடியைப் பார்க்க நாங்கள் பந்து போடுவதையே மறந்து நின்றிருக்கிறோம். புது மட்டை வந்து இரண்டு கிழமைக்குள் அந்த அடி காணாமல் போனது. பாரம் தாங்காமல் மேல் கை கீழே வழுகியது. கீழ்க்கை எல்லாவற்றையும் செய்யத் தொடங்கியது. பின்னால் தூக்கும்போது மட்டை நேரே போகாமல் ஸ்லிப் பக்கம் சுற்றிப் போய், குறுக்கால திரும்பி வந்தது. வந்து சேர்வதற்குள் பந்து தடியைத் தட்டிவிடும். "கால் அசையுதில்லையடா" எண்டார் சேர். பிறகு "பந்துக்குப் பயப்பிடுறான்" எண்டார். பிறகு அவன் வரவில்லை.

மட்டையால்தான் அவன் போனான் எண்டு எங்களால் நிரூபிக்க முடியாது. ரியூசன் இருந்திருக்கலாம், வீட்டில் ஏதும் இருந்திருக்கலாம். ஆனால் அவன் கால் அசையாததுக்குக் காரணம் கால் இல்லை எண்டது எங்களுக்குத் தெரியும். உடம்பின் பாரம் முழுக்க ஒரு மரக்கட்டையைத் தூக்குவதிலேயே செலவாகும்போது எந்தக் கால் முன்னுக்குப் போகும்?

எங்கட சனத்திடம் ஒரு வாங்கும் முறை இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டை ஒரு அளவு பெரிசாக எடு, மடிச்சுத் தைச்சால் வருசம் ரெண்டு ஓடும். சப்பாத்து பெரிசாக எடு, முன்னுக்குப் பஞ்சு வை. தைக்கிற கூலியும் சப்பாத்தின் விலையும் தெரிந்தவர்களின் கணக்கு அது, நாங்கள் அதைப் பகிடி பண்ணப் போவதில்லை. நாங்களும் அப்படி உடுத்து வளர்ந்த ஆக்கள்தான். ஆனால் மட்டைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பெரிய சட்டை போட்டால் பிள்ளையின் உடம்பு பழுதாகாது. பெரிய மட்டை பிடித்தால் கை ஒரு பிழையான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். மட்டைக்குச் சரியாக வளர்ந்து முடிக்கும்போது அந்தப் பழக்கம் எலும்பில் ஏறியிருக்கும்.

அளவு எண்டது பெரிய மர்மமும் இல்லை. நாலடி ஒன்பது அங்குலத்துக்கும் ஐந்தடிக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு 5ஆம் இலக்கம். அதற்கு மேல் ஐந்தடி இரண்டு வரைக்கும் 6. பிறகு ஹரோ எண்டொரு அளவு, ஐந்தடி ஐந்து ஆறு மட்டும். அதற்கு மேலேதான் நாங்கள் "நோர்மல் பெட்" எண்டு சொல்கிற முழு அளவு. செய்கிற நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு அங்குலம் அங்கால இங்கால இருக்கும், அவ்வளவுதான். 5ஆம் இலக்கத்துக்கும் முழு அளவுக்கும் நீளத்தில் வித்தியாசம் ஏறத்தாழ மூன்று அங்குலம். மூன்று அங்குலம் என்ன பெரிசு எண்டு கேட்கிறவர் மூன்று அங்குலம் நீளமான அகப்பையால் ஒரு நாள் சோறு போட்டுப் பார்க்கட்டும்.

பாரம் அதைவிட மோசம். முழு அளவு மட்டை ஒன்று சாதாரணமாக 2 இறாத்தல் 8 அவுன்ஸிலிருந்து 3 இறாத்தல் வரை வரும். கடையில் வாங்குகிற பாணில் மூன்றை ஒரு தடியின் நுனியில் கட்டி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, வேகப்பந்துக்கு வீசு எண்டு சொல்வதை நினைத்துப் பாருங்கோ. சட்டத்தில் மட்டையின் நீளத்துக்கு எல்லை இருக்கிறது, 38 அங்குலம். அகலத்துக்கு நாலேகால் அங்குலம். 2017இலிருந்து விளிம்பின் தடிப்புக்கும் எல்லை இருக்கிறது, 40 மில்லிமீற்றர். பாரத்துக்கு மட்டும் எல்லையே இல்லை. அதைப் பிடிக்கிறவரின் புத்திக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கோ. ஆண்களின் பந்து 156 கிராமிலிருந்து 163 கிராம். பெண்களின் பந்து 140இலிருந்து 151. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 133இலிருந்து 144. பிள்ளையின் கை வேறு எண்டு பந்து செய்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது. சின்னப் பந்தைக் கொடுத்துவிட்டு அதை அடிக்கப் பெரிய ஆளின் மட்டையைக் கொடுக்கிறது நாங்கள்தான்.

இதைச் சொன்னவுடனே ஒருவர் எழும்பி டெண்டுல்கர் எண்டு சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்வார். சரி, சொல்லட்டும். சின்ன வயதில் அண்ணனின் மட்டையோடு ஆடித்தான் அவரின் பிடி அவ்வளவு கீழே வந்தது எண்டது பலரும் அறிந்த கதை. பிறகும் மூன்று இறாத்தலுக்கு மேலே பாரமான மட்டைகளோடுதான் ஆடினார். 2004இல் அவரின் முழங்கை நோவும் உலகம் அறிந்த கதைதான். அந்தக் கை எங்களுக்கு ஒரு டெண்டுல்கரைத் தந்தது. அதே மாதிரி அண்ணன்மாரின் மட்டையோடு தொடங்கி, பந்து படாமல், வெட்கப்பட்டு, எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கப் போன பிள்ளைகளை யார் எண்ணினார்கள்? தப்பிப் பிழைத்த ஒருத்தரைக் காட்டி முறை சரி எண்டு வாதாட முடியாது. உதாரணம்தான் வேணும் எண்டால் பிராட்மனைப் பார்ப்போம். டெஸ்ட் சராசரி 99.94. அவரின் மட்டை ஏறத்தாழ ஒரு கிலோ. சின்னப் பெடியனாக பௌரலில் தண்ணீர்த் தாங்கியின் அடிக்கட்டில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு விக்கெட் தடியால் அடித்துப் பழகினவர். அவரின் கைக்கு அந்தத் தடி அடங்கியது, அதுதான் விசயம்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறாக வரும். "நாங்கள் தென்னமட்டையில ஆடி வளரேல்லையோ? உங்களுக்கு இப்ப இலக்கம் பார்த்து வாங்கோணுமோ?" இந்தக் கேள்வி எங்களுக்கு உண்மையாகவே பிடிக்கும், ஏனெண்டால் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. தென்னமட்டையை யார் வெட்டினது? நாங்களே வெட்டினோம். இடுப்புக்கு வைத்துப் பார்த்து, நீளம் எண்டால் கத்தியால் இன்னொரு சாண் குறைத்து, பிடி தடிப்பு எண்டால் சீவி, பாரம் எண்டால் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு. தம்பிக்கு வேறு மட்டை, அண்ணாவுக்கு வேறு மட்டை. காசு இல்லாத காலத்தில் ஒவ்வொருவரும் தன் கைக்கு அளவான மட்டையோடுதான் ஆடினோம். காசு வந்த பிறகுதான் அளவு போனது.

கடைக்காரரின் கதை தனி. மட்டையின் முகத்தில் ஓடுகிற கோடுகளை எண்ணிக் காட்டி விலை சொல்வார்கள். கோடு கூடினால் நல்ல மரம் எண்டு நாங்களும் தலையாட்டுவோம். இங்கிலிஷ் வில்லோவை முதலாம் தரம், இரண்டாம் தரம் எண்டு பிரிப்பது பெரும்பாலும் பார்வைக்கு எப்படி இருக்கிறது எண்டதை வைத்துத்தான். நெருக்கமான கோடுள்ள மட்டை கெதியாகப் பதத்துக்கு வரும், ஆனால் கெதியாக உடையவும் கூடும். இப்போதுதான் கடினப்பந்துக்கு வாற பிள்ளைக்கு, மாதத்துக்கு நாலு முறை விளிம்பில் படுகிற பிள்ளைக்கு, காஷ்மீர் வில்லோவே போதும். கொஞ்சம் கடினமான மரம், விலையும் பல மடங்கு குறைவு. பாரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கை நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மேலே பிடிக்கிற கையால் மட்டும், நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கோ. கை நடுங்கினால் அந்த மட்டை அவளுக்கோ அவனுக்கோ இல்லை. இதற்குக் காசும் தேவையில்லை, தொலைக்காட்சியில் பார்த்த ஸ்டிக்கரும் தேவையில்லை. ஆனால் பிள்ளை கடைக்கு வந்திருக்க வேண்டும். எங்கட பக்கத்தில் பிள்ளை தவிர மற்ற எல்லோரும் கடைக்குப் போவார்கள்.

கோல்ஃப் நாங்கள் யாரும் ஆடியதில்லை. நுவரெலியாவில் அந்தப் புல்வெளியை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. ஆனாலும் இதை எழுதுவதற்காகக் கொஞ்சம் வாசித்தபோது எரிச்சலே வந்தது. அங்கே பழகுகிறவருக்கு ஒரு தடி, தேர்ந்தவருக்கு வேறு தடி. பழகுகிறவரின் தடிக்குத் தலை பெரிசு, பாரத்தை ஓரங்களுக்குத் தள்ளிச் செய்திருப்பார்கள், நடுவில் படாவிட்டாலும் பந்து ஓரளவு நேரே போகட்டும் எண்டு. தண்டு எவ்வளவு வளைய வேண்டும் எண்டதையும் ஆள் வீசுகிற வேகத்தை அளந்து முடிவு செய்கிறார்கள். எனக்கு இன்னும் சரியாக வராது எண்டு கடையில் சொல்ல ஒரு முதலாளிக்கும் வெட்கமில்லை. பணக்காரர் தங்கள் பொழுதுபோக்குக்குத் தங்களை அளந்துகொள்கிறார்கள். எங்கட பிள்ளைகளை மட்டும் யாரும் அளப்பதில்லை, கொடுத்ததை வைத்து ஆடு எண்டு சொல்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாங்களும் அந்த விழாக் கூட்டத்தோடு சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோம். அதே பாடசாலையில் ஏழு பிள்ளைகள் கடினப்பந்து ஆட விருப்பப்பட்டு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெடியளின் அணி கழித்துவிட்ட, பத்தொன்பது வயதுக்காரர்கள் அடித்து வெடித்த முழு அளவு மட்டை. இரண்டாம் நாள் ஒரு பிள்ளை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "அவையளுக்கு ஏலாது, எல்லே போடலாம்" எண்டு முடிவு எடுத்தாச்சு. எல்லே நல்ல விளையாட்டு, அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஏலாது எண்ட சொல்லோடுதான் வழக்கு. ஐந்தடி இல்லாத பிள்ளையிடம் ஐந்தடி எட்டு அங்குல ஆளின் மட்டையைக் கொடுத்துச் சோதித்துவிட்டு எழுதின தீர்ப்பு அது.

கொடுக்கிறவர்களின் மனதை நோகடிக்கக் கூடாது எண்டு எங்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். ஏன் கூடாது? 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இங்கிலிஷ் வில்லோ மட்டை ஒன்றின் விலையை இங்கே ஒரு சாதாரண வீட்டால் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த மூன்று மட்டையின் காசுக்கு 5ஆம் இலக்கத்திலும் 6ஆம் இலக்கத்திலும் காஷ்மீர் வில்லோவில் அணிக்கே வாங்கி, மிச்சத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் அடித்துப் பதப்படுத்த மரச் சுத்தியலும் வாங்கியிருக்கலாம். அப்படி வாங்கினால் படம் வடிவாக வராது, அது உண்மைதான். பழைய மாணவர் சங்கங்களே, உங்களிடம் நேரே கேட்கிறோம்: நீங்கள் கனடாவிலோ இலண்டனிலோ உங்கட சொந்தப் பிள்ளைக்கு மட்டை வாங்கும்போது அளவு பார்க்காமல் வாங்குவீர்களா?

அந்த மூன்று மட்டையும் இப்போது அதிபரின் அறையில், கண்ணாடி அலுமாரிக்குள், கேடயங்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்களாம். அவற்றை விற்று, அல்லது பெரிய அணி இருக்கிற வேறு பாடசாலையோடு மாற்றி, சின்ன மட்டைகள் எடுக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தோம். அன்பளிப்பை விற்க முடியாது எண்டு பதில் வந்தது.

ஆகவே புதிதாக ஒரு வேண்டுகோள் எழுதியிருக்கிறோம், நாளைக்கு முகநூலில் போடுவோம். இந்த முறை கீழே ஒரு அட்டவணை இருக்கிறது. போன சனிக்கிழமை அளவு நாடா கொண்டுபோய், சுவரில் நிற்க வைத்து, இருபத்தொரு பிள்ளைகளையும் அளந்தோம். பெடியள் பதினாலு, பெண் பிள்ளைகள் ஏழு. ஒவ்வொரு உயரத்துக்கும் பக்கத்தில் மட்டையின் இலக்கம். முழு அளவு மட்டை ஒன்றுகூட அதில் இல்லை. அனுப்ப விரும்புகிறவர் அதில் உள்ளதை மட்டும் அனுப்பவும். வேறு எது வந்தாலும் இந்த முறை திருப்பி அனுப்புவோம்.

வராமல் விட்டவனின் வீட்டுக்கும் நாடாவோடு போனோம். முதலில் வெளியில் வரவில்லை. பிறகு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். நாலடி பத்து. 5ஆம் இலக்கம். அட்டவணையில் இருபத்திரண்டாவது வரி அவனுடையது.