ராத்திரி பத்து மணிக்கு நியூ ஆர்லியன்ஸ்

2021 பிப்ரவரி பனிப்புயலை டெக்சஸ்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகளில் கரண்ட் இல்லை. எங்கள் பிளேனோ வீட்டில் முதலில் வைஃபை போச்சு, அப்புறம் போனில் டேட்டாவும் போச்சு. கடைசியில் டிரைவ்வேயில் நின்ற காரில் உட்கார்ந்து ஏஎம் 1080-ல் கேஆர்எல்டி செய்தி கேட்டோம். கரண்ட் வந்த பிறகு தூத்துக்குடியிலிருந்து அப்பா போனில் கேட்டார்: "வீட்ல ஒரு டிரான்சிஸ்டர் கூடவா இல்ல?"

கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர், கேட்கத்தான் செய்வார். அதற்கப்புறம் மூன்று ரேடியோ வாங்கிவிட்டேன். (மனைவி கணக்கில் இரண்டு அதிகம்.)

எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும். என்ன விலை கொடுத்தாலும் அறுபது எழுபது மைலுக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஏஎம் கதை வேறு. பகலில் அந்த அலையை உறிஞ்சிவிடும் அயனி அடுக்கு சூரியன் போனதும் மறைகிறது. மேலே உள்ள அடுக்கு அலையைத் திருப்பி அனுப்ப, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி விழுகிறது. அதைப் பிடிப்பது வெளியே நீட்டும் கம்பி இல்லை, உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு. அது நீளமாக இருந்தால் நல்லது.

அதனால்தான் ஏஎம்முக்கு சிசி ரேடியோ 2இ முதலிடம். பெரிய பெட்டி, விலையும் கூட. ஆனால் என் காதுக்கு இரைச்சல் இதில்தான் குறைவு. டெக்சன் பிஎல்-330 கைக்கு அடக்கம், எஃப்எம் பிரமாதம். ஆனால் நோவா வானிலை அலைவரிசை அதில் கிடையாது. புயல் வரும் ஊரில் அது பெரிய குறை. சி.கிரேன் ஸ்கைவேவ் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், வானிலையும் உண்டு. ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள்.

வாங்கியதும் வீட்டுக்குள் வைத்துவிட்டு 'ஒண்ணுமே வரல' என்று திருப்பி அனுப்பிடாதீங்க. எல்இடி பல்பும் போன் சார்ஜரும்தான் வில்லன்கள். ஜன்னல் ஓரம் வைத்து, ரேடியோவை மெதுவாகச் சுழற்றுங்கள். தண்டு ஸ்டேஷனுக்குக் குறுக்காக இருக்கும்போது சத்தம் தெளியும். நியூ ஜெர்சியில் 1010, பே ஏரியாவில் 740 என்று பக்கத்துச் செய்தி ஸ்டேஷனில் பழகிக்கொள்ளலாம்.

போன வாரம் என் மகன் இப்படிச் சுழற்றி 870-ல் நியூ ஆர்லியன்ஸ் பிடித்தான். நானூறு மைலுக்கு மேல். "ஆப் இல்லாமலாப்பா?" என்றான். பத்து நிமிஷத்தில் குரல் மங்கி, திரும்பி வந்து, மறுபடி மங்கியது. தூங்கப் போக மாட்டேன்னு அடம்.

டிசம்பரில் பிஎல்-330-ஐ அப்பாவுக்குக் கொண்டு போகிறேன். அமெரிக்காவில் ஏஎம் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இந்தியாவில் 9. மாற்றாமல் கொடுத்தால் தூத்துக்குடியின் 1053 சரியாக நிற்காது, அவரிடம் நான் திட்டு வாங்கணும்.